'சோதனையில்' என்ற சொல்

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே? என் போனை நீ எடுப்பதே இல்லை, அதனால் கடிதம். மருத்துவமனைகளின் கூட்டமைப்பில் வேலை கிடைத்ததை அம்மா சொன்னாள். மருத்துவமனைகள் வாங்கும் மென்பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று எந்தச் சொல்லால் குறிப்பது என்பதை நீதான் முடிவு செய்கிறாயாம். பெருமையாக இருந்தது.

மருந்தளவு கணக்கிடும் நம் மென்பொருளைப் புதிதாக எழுதிவிட்டோம். அதற்கு 'முன்னோட்டம்' என்று போட அனுமதி கொடு. வாங்குகிறவர்கள் மிரள மாட்டார்கள். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்

மார்ச் 11

அண்ணனுக்கு,

நலம். பழசைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் நிறுவனத்தில் நான் வேலை பார்த்தபோது, இதே மென்பொருளின் முதல் பதிப்புக்கு எழுதிக் கொடுத்த சொல் 'சோதனையில்'. நீ அதை அடித்துவிட்டு 'முன்னோட்டம்' என்று போட்டாய். அதைப் பார்த்து, வேலை முடிந்த மென்பொருள் என்று நம்பிய நர்ஸ், திரை காட்டிய அளவையே ஊசியில் ஏற்றினார். ஒரு பள்ளி ஆசிரியைக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. விசாரணையில் நீ என்ன சொன்னாய்? "வார்த்தையெல்லாம் என் தங்கச்சி பாத்துக்கிட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது." நான் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வேலையும் பெயரும் போனது எனக்கு.

இனி மூன்றே சொற்கள்: 'உருவாகிறது', 'சோதனையில்', 'பயன்படுத்தலாம்'. 'முன்னோட்டம்' கிடையாது. கூடவே ஒரு விதி. சொல்லை மாற்றி ஆபத்து விளைவித்த நிறுவனம், எல்லாத் தேர்விலும் தேறினாலும், ஒரு வருஷம் திரையில் சிவப்பு எழுத்தில் 'சோதனையில்' என்றே போட வேண்டும். அந்தச் சொல் இருக்கும்வரை நர்ஸ்கள் அளவைக் கையாலும் கணக்கிட வேண்டும்.

அப்படிப்பட்ட நிறுவனம் உன்னுடையது மட்டும்தான். உன்னை நினைத்துத்தான் எழுதினேன். ரசித்து எழுதினேன்.

பாப்பா

ஏப்ரல் 2

பாப்பா,

எல்லாத் தேர்விலும் தேறிவிட்டோம். ஆனாலும் சிவப்பு எழுத்தைப் பார்த்தே பல மருத்துவமனைகள் பின்வாங்கிவிட்டன. பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். "கூடப் பொறந்தவனையே நடுத்தெருவுல நிறுத்திட்டாளே"ன்னு அம்மா அழுகிறாள். போதும்மா. விதியைக் கொஞ்சம் தளர்த்து.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

முடியாது. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று புகார் வந்திருக்கிறது. பெரிதாக்கு.

பாப்பா

ஜூன் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டுக் கையால் கணக்குப் போட்டிருக்கிறார். குழந்தையின் எடையைத் திருத்தி எழுதிய பிறகும் எங்கள் மென்பொருள் பழைய எடையை வைத்தே மருந்தளவு சொல்லியிருக்கிறது. எந்தத் தேர்விலும் அது சிக்கவில்லை. "சோதனைன்னு போட்டிருந்ததால தப்பிச்சோம், இல்லைன்னா குழந்தை போயிருக்கும்"னு போனில் கத்தினார்.

பழிவாங்கத்தான் அந்த விதியை எழுதினாய். இருந்தாலும் நன்றி. கோபம் இப்போதாவது தீர்ந்ததா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாயேன்.

உன் அண்ணன்

ஜூன் 27

அண்ணனுக்கு,

குழந்தை பிழைத்ததைப் படித்ததும் உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். அந்த நர்ஸுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் நன்றி எனக்கு வேண்டாம். விதியை எழுதியபோது எந்தக் குழந்தையும் என் மனசில் இல்லை, நீ மட்டும்தான் இருந்தாய். அம்மாவைப் பார்க்க வருவேன், நீ ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.

பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஒரு வருஷம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விதியில் அதுவும் இருக்கிறது.

பாப்பா