பேசின குதிரை

30.12.2005, வெள்ளி
ஏன்டா உமாபதி, உனக்குப் பாண்டிய ராசா வேசம், எனக்குக் குதிரை வேசமா? அதுவும் வசனமே இல்லாம செத்துப்போற குதிரை! மீசை நரைச்சவனுக்கு நாலு காலு மாட்டுறியே, கூசல? முன்னங்காலு நான், பின்னங்காலு பொன்னுச்சாமியாம். ஷார்ஜா கேம்ப்பே சிரிக்கப் போவுது. நாடகம் எழுதினவன் நீங்கிறதுக்காக— அவன் தூங்கிட்டான். அதான் இந்த டைரில திட்டுறேன்.

1.1.2006
கதை என்னமோ நல்லாத்தான் இருக்கு. இந்த அரபுக் கரையிலருந்து யாவாரிங்க கப்பல் கப்பலா குதிரை கொண்டுபோயி பாண்டியனுக்கு விக்கிறாங்க. ஆனா குதிரை வைத்தியன் ஒருத்தனையும் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. குதிரை செத்தாத்தானே வருசா வருசம் புதுசு விக்கலாம்? மந்திரிக்கு இது தெரியும். முத்துமாலைய வாங்கிக்கிட்டு வாயப் பொத்திக்கிறான். கடைசில ராசா அவனைக் கழுவேத்துறாரு.

6.1.2006
பொன்னுச்சாமி கட்டட சைட்டுல சாரத்துலருந்து விழுந்துட்டான். முட்டி பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரின்னு கேட்டா கேம்ப் பாஸ் ரெண்டு பெனடால் மாத்திரை குடுக்கிறான். "பின்னங்காலு நொண்டுது, குதிரைய மாத்துங்கப்பா"ன்னேன். பொன்னுச்சாமி சிரிச்சான். கண்ணுல தண்ணி.

13.1.2006, வெள்ளி
பொங்கல் நாடகம். பின்னங்காலுக்கு வேற ஆளு. மேனேஜர் விஜயபாஸ்கர் முன்னாடி சேர்ல. குதிரை சாவுற கட்டம். நான் சாவல. எந்திரிச்சு, "ராசா, வைத்தியன் எதுக்கு? ரெண்டு பெனடால் குடுங்க, முட்டி சரியாப் போவும்"னேன். ஒரே விசில்! மேனேஜர்தான் பெருசா சிரிச்சாரு. அப்புறம் உமாபதியக் கூப்பிட்டு என்னமோ கேட்டாரு. அவன் பொன்னுச்சாமி பக்கம் கையக் காட்டினான்.

17.1.2006
காலைல கம்பெனி வண்டி வந்து பொன்னுச்சாமிய ஏத்திட்டுப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு! பாத்தியா உமாபதி, குதிரை பேசினாத்தான்டா காரியம் நடக்கும்.

18.1.2006
ஆஸ்பத்திரி இல்ல. ஏர்போர்ட்டு. விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. அவன் பெட்டிகூட கட்டிலுக்கடியிலயே கெடக்கு.
பேசாம செத்திருக்கலாம்ல நான்?

2.2.2006
பொன்னுச்சாமி கட்டிலுக்குப் புது ஆளு வந்தாச்சு. நல்ல காலு ரெண்டும். உமாபதி ஃபோர்மேன் ஆயிட்டான், வெள்ளை ஹெல்மெட்டு. பஸ்சுக்கிட்ட மடக்கினேன்.
"ராசா, ஒரு சந்தேகம்."
"யல்லா, கெளம்புங்க சோலையண்ணே, டூட்டிக்கு நேரமாச்சு."
"இல்லடா, உன் நாடகத்துல முத்துமாலை வாங்கினானே ஒரு மந்திரி, கடைசில அவனை என்ன பண்—"
ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு முன்சீட்டுக்குப் போயிட்டான்.