குறை கேட்கும் நாற்காலி

மார்ச் 4, திங்கள்

இன்றும் அதே பாட்டு. மெத்தை கல் மாதிரி இருக்கிறது. மெத்தை சேறு மாதிரி அமுங்குகிறது. ஒரு பெண்மணி தன் கணவர் குறட்டை விடுவதற்கே எங்கள் மெத்தைதான் காரணம் என்று எழுதியிருந்தார். "குறட்டைக்கு உத்தரவாதம் கிடையாது" என்று பதில் போட்டேன். அண்ணன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்துவிட்டு மதியம் மீட்டிங் வைத்தான். தம்பி பெண்டாட்டி பேசினாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் நிதானம். வாயைத் திறந்தால் "நிதானமா செய்யலாம்" என்பாள். ஏதோ மெஷினாம். வருகிற குறைகளையெல்லாம் அதுவே படித்து அதுவே பதில் எழுதுமாம்.

"முதல்ல ஒரே ஒரு டெஸ்க்ல மட்டும் பார்ப்போம். மெஷின் எழுதட்டும். ஆனா ஒரு மனுஷர் படிச்சு டிக் போடாம எதுவும் வெளியே போகக் கூடாது. இதனால யாருக்கும் வேலை போகாதுன்னு இப்பவே எழுதி வெச்சுக்கலாம்."

எந்த டெஸ்க் என்று கேட்டேன். "உங்களோடதுதான் அண்ணி" என்றாள். தேன் ஒழுகியது.

அப்பா ஆரம்பித்த கம்பெனி இது. அண்ணன் முதலாளி. தம்பி தொழிற்சாலையைப் பார்க்கிறான். நான் புருஷனை விட்டு வந்த வருஷம் அப்பா எனக்குப் போட்டுக் கொடுத்தது இந்தக் குறை கேட்கும் நாற்காலி. அண்ணன் வீட்டு மாடியில் நான் தலை நிமிர்ந்து குடியிருப்பதே இதில் உட்கார்ந்திருப்பதால்தான். இது போனால் அங்கே நான் யார்? போகாத விருந்தாளி.

மார்ச் 7, வியாழன்

தம்பி சொல்கிறான்: "அக்கா, உனக்கு வேலை குறையுது. சந்தோஷப்படுவியா, மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கே!"

முதலில் வேலை குறையும். அப்புறம் ஆள் குறையும். இந்த மண்டுவுக்கு இதுகூடவா புரியாது? பெண்டாட்டி சொன்னால் தலையை ஆட்டத் தெரியும், அவ்வளவுதான்.

மார்ச் 12, செவ்வாய்

மெஷின் வந்துவிட்டது. நிதானம் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். மெஷின் எழுதிய முதல் பதிலே "தங்கள் சிரமத்தை முழுமையாக உணர்கிறோம்" என்று இருந்தது. எது உணர்கிறது? இந்தப் பெட்டியா?

"நீங்க இத்தனை வருஷமா எழுதின பதிலைப் பார்த்துத்தான் கத்துக்குது அண்ணி."

"அப்படின்னா ஏன் இவ்ளோ மரியாதையா பேசுது?"

கபடமே இல்லாமல் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். அதனாலேயே இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒன்று சொன்னாள். பதில் தயாராகி வரிசையில் நிற்கும்போது அதே ஆள் மறுபடி ஏதாவது எழுதினால் அது மெஷினுக்குத் தெரியாதாம். திரையில் எனக்கு மட்டும்தான் தெரியுமாம். "அதுக்காகத்தான் நீங்க வேணும் அண்ணி. இந்த இடத்துல ஆள் இல்லேன்னா ஆபத்து. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு இவள் வேலை போட்டுக் கொடுக்கிறாள்! அப்பா கொடுத்த நாற்காலியில் நான் உட்கார இவள் சிபாரிசு!

மார்ச் 19, செவ்வாய்

நாள் முழுக்க டிக். சுவர்க் கடிகாரமாகிவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

காலையில் ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் எழுதியிருந்தார். அம்மாவுக்குப் புது மெத்தை வாங்கினாராம், கடினமாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்கிறாராம், என்ன செய்யலாம் என்று. மெஷின் பதில் தயார் செய்தது: "புது மெத்தை பழகச் சில நாட்கள் ஆகும். அம்மாவை இன்னும் சில இரவுகள் அதிலேயே படுக்கச் சொல்லுங்கள். விரைவில் புத்துணர்ச்சியோடு எழுவார்." தப்பே இல்லை. நானே இதைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் கொஞ்சம் வெடுக்கென்று.

மாலையில் அதற்கு டிக் போடப் போனபோது கீழே இன்னொரு செய்தி வந்து கிடந்தது. "அம்மா மத்தியானம் இறந்துட்டாங்க. அந்த மெத்தையிலதான். என்னால அதைப் பார்க்க முடியல. தயவு செஞ்சு யாராவது வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

இரண்டையும் படித்தேன். மறுபடியும் படித்தேன். நிதானத்தின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. தேன் ஒழுகும் அந்த முகம்.

டிக் போட்டேன்.

எழுதியது மெஷின். டிக் போடுவதுதானே என் வேலை என்றார்கள்? போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது.

மார்ச் 23, சனி

ஒன்றும் வரவில்லை. மனிதர் அடக்கம் செய்யும் அலைச்சலில் இருப்பார்.

மார்ச் 25, திங்கள்

வந்தார். வேனிலேயே மெத்தையை ஏற்றிக்கொண்டு வந்தார். தனி ஆளாக இழுத்து ஷோரூம் நடுவில் போட்டார். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று தலையணை பார்த்துக்கொண்டிருந்தது, அப்படியே ஒதுங்கி நின்றது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. போனை நீட்டி எல்லோருக்கும் அந்தப் பதிலைக் காட்டினார். "எங்க அம்மாவை இன்னும் சில ராத்திரி இதுல படுக்கச் சொல்லணுமாம். எங்க போய்ச் சொல்லட்டும்? யாராவது இடம் காட்டுங்க, போய்ச் சொல்லிட்டு வரேன்."

ஊரெல்லாம் போனில் இந்தப் பதில்தான் சுற்றுகிறதாம். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. நிதானத்தைக் கூப்பிட்டு அத்தனை பேர் முன்னாலும் கிழித்தான். "நாலு எழுத்து படிச்ச திமிரு! எங்கப்பா பேரைச் சந்தி சிரிக்க வெச்சுட்டியே! கேளு, அவர்கிட்ட மன்னிப்புக் கேளு!"

அவள் அந்த மெத்தைக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். "என் தப்புதான் சார்" என்றாள். அழுகையில் சார் என்பது சரியாக வரவில்லை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, கோழை.

நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். சிரிக்கவில்லை. முகத்தை அப்படி வைத்துக்கொள்வது மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

மார்ச் 26, செவ்வாய்

நிதானம் தன் பொருள்களை எடுத்துக்கொண்டு போக வந்தாள். என் மேஜை அருகே நின்றாள்.

"அண்ணி, அவர் ரெண்டாவதா எழுதினதை நீங்க பாக்கலையா?"

"எதை?"

என்னையே பார்த்தாள். "சரி அண்ணி" என்றாள். போய்விட்டாள்.

தெரிந்துகொண்டாள். திட்டியிருந்தால் நானும் நாலு கொடுத்திருப்பேன். இப்படிச் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறவளை என்ன செய்வது? போகட்டும். நாற்காலி என்னுடையது. மறுபடியும் முழுசாக என்னுடையது.

மார்ச் 29, வெள்ளி

வேன் டிரைவர் கேட்பது ஒன்றே ஒன்றுதானாம். கம்பெனியிலிருந்து ஒரு மன்னிப்பு, மனுஷர் எழுதினதாக. அண்ணன் என்னிடம் ஒப்படைத்தான். இதென்ன பிரமாதம்? "தங்கள் தாயாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். தொழில்நுட்பக் கோளாறால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்." அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 1, திங்கள்

அவர் பதில்: "இதுவும் மெஷின் எழுதினதுதானே? உங்க கம்பெனியில மனுஷங்களே இல்லையா?"

என்ன கொழுப்பு! நான் எழுதினேன் ஐயா, நான்! இந்தக் கையால்!

இன்னொன்று எழுதினேன். அதையும் திருப்பிவிட்டார். அண்ணன் வேறு வந்து நின்று, "இத்தனை வருஷமா எழுதறே, ஒரு மன்னிப்பு எழுத வரலியா உனக்கு? நாளை மறுநாளைக்குள்ள முடி. இல்லேன்னா வெளி ஆளை வெச்சுக்கறேன்" என்கிறான். ஒரு மன்னிப்புக்காக நாற்காலியே ஆடுகிறது.

ஏப்ரல் 3, புதன்

மெஷினை இன்னும் யாரும் கழற்றவில்லை. அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். வேறு வழி?

வேன் டிரைவர் எழுதிய இரண்டு செய்தியையும் அதில் போட்டேன். இவருடைய அம்மா இறந்த பிறகு தவறான பதில் போய்விட்டது, மன்னிப்பு எழுது என்றேன். அது திருப்பிக் கேட்டது: "அந்தப் பதிலை அனுப்பியவர் இறப்புச் செய்தியைப் பார்த்திருந்தாரா?"

அண்ணன் கேட்கவில்லை. தம்பி கேட்கவில்லை. பெட்டி கேட்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை. "பார்த்திருந்தார்" என்று தட்டினேன்.

எழுதிக் கொடுத்தது. "உங்கள் அம்மா முதுகு வலிக்கிறது என்றார். அதைக் கேட்பதற்காகவே என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. நீங்கள் அந்த மெத்தையைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியதைப் படித்தும் அந்தப் பதிலை அனுப்பினேன். அன்று உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து அதைத் தூக்கிப் போயிருக்க வேண்டும்..." இப்படியே போனது.

'படித்தும் அனுப்பினேன்' என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டேன். கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

வேன் டிரைவர் எழுதியிருக்கிறார்: "இப்பத்தான் ஒரு மனுஷி பேசியிருக்காங்க. படிச்சு அழுதுட்டேன். இது போதும்."

அண்ணன் எல்லோரையும் கூட்டிவைத்துச் சத்தமாகப் படித்தான். "மெஷினாம் மெஷின்! என் தங்கச்சி கை பட்டா போதும்!" கைதட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் தட்டினார்கள்.

ஏப்ரல் 18, வியாழன்

இப்போது எல்லாப் பதிலும் பெட்டிதான். பெயர் மட்டும் என்னுடையது. சாப்பாட்டு வேளைக்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் என்னைத் தங்கமான மனசு என்கிறார்கள். பிறந்ததிலிருந்து யாரும் சொல்லாததை இந்த வயதில் சொல்கிறார்கள். இருக்கட்டுமே.

ஏப்ரல் 30, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். அண்ணன் எப்போது வந்து பின்னால் நின்றான் என்றே தெரியவில்லை.

"அந்த வேன்காரருக்குப் போனதும் இது எழுதினதுதானா?"

"ஆமா."

கத்துவான் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அடேயப்பா! அந்த மனுஷன் அழுதுட்டாரே! எனக்கே தெரியலியே!" என்றான். அப்புறம் கேட்டான்: "அப்படின்னா நடுவுல நீ எதுக்கு?"

குத்திக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

"படிச்சுப் பார்த்து டிக் போட ஆள் வேணும்ல அண்ணா. இல்லேன்னா ஆபத்து."

"ஆள் இருந்தப்பதானே அந்தத் தப்பு நடந்துச்சு?"

திரைப் பக்கம் திரும்பி அடுத்த பதிலுக்கு டிக் போட்டேன்.

மே 6, திங்கள்

வேறு கம்பெனியிலிருந்து ஒரு விற்பனையாளன் வந்தான். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. புது மெஷினை ஒரே நாளில் மாட்டிவிடுவானாம். படித்துப் பார்க்க ஆளே தேவையில்லையாம், குறை வந்த நொடியிலேயே பதில் போய்விடுமாம். எழுதினால் எழுதினதுதான், கம்பெனி வாக்கு கொடுத்த மாதிரி.

"அண்ணா, முதல்ல ஒரே ஒரு டெஸ்க்ல பார்ப்போம். நிதானமா—"

"நீயும் அவளை மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டியா?"

மே 8, புதன்

தம்பி வீட்டுக்குப் போன் செய்தேன். நிதானம்தான் எடுத்தாள். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். அண்ணனிடம் வந்து பேசு, உன் திட்டம்தான் சரி என்று நானே சொல்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும்.

"வரேன் அண்ணி. அந்த மெசேஜைப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்னு முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டுக் கூப்பிடுங்க."

சொன்னால் நாற்காலியோடா போகும்? மாடியும் போகும். போனை வைத்துவிட்டேன்.

மே 20, திங்கள்

என் மேஜையை எடுத்துவிட்டார்கள். எனக்கு இனி ஷோரூமில் வேலை, நின்றுகொண்டே. அண்ணன் மனைவி காபி கொடுக்கிற சாக்கில் மாடிக்கு வந்து சுவரையெல்லாம் அளக்கிற மாதிரி பார்த்தாள். "இவ்ளோ பெரிய ரூம் உனக்கு ஒருத்திக்கு அதிகம்தான், இல்ல?"

ஜூன் 11, செவ்வாய்

ஷோரூமுக்கு வந்த ஒருத்தி மெத்தை அமுங்குகிறது, அமுங்குகிறது என்று உயிரை எடுத்தாள். "மெத்தை சரியாத்தாம்மா இருக்கு, உங்க எடையைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். வெளியே போன கையோடு குறை எழுதிவிட்டாள். அடுத்த நொடியே பதிலும் போய்விட்டது. அண்ணன் போனில் காட்டினான்.

"எங்கள் ஊழியர் பேசிய விதம் தங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்று உணர்கிறோம். அவர் சார்பில் மனமார மன்னிப்புக் கேட்கிறோம். இனி அவர் எங்கள் வாடிக்கையாளர் எவரோடும் பேச நேராது என்று உறுதி அளிக்கிறோம்."

"யாருண்ணா இப்படி உறுதி கொடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அதுவா கொடுத்துடுச்சு. போனது போனதுதான், இனி மாத்தினா மறுபடி ஊர் சிரிக்கும். நாளையிலேருந்து குடோனுக்குப் போயிடு. அங்கே பேச ஆளும் கிடையாது, உனக்கும் நிம்மதி."

போனை வாங்கி இன்னொரு தடவை படித்தேன். எத்தனையோ வருஷம் இதே வேலை பார்த்தவள், எங்காவது ஒரு சொல் பிசகியிருக்காதா என்று தேடினேன். இல்லை. நல்ல மன்னிப்பு. அதில் முழுக்க என்னை 'அவர்' என்றுதான் சொல்லியிருந்தது.