மழை நோட்டில் நான் எழுதிய பொய்

என் பனிக்கட்டி அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. மொட்டை மாடியில் நீ வைத்த மழைமானி அப்படியே இருக்கிறது. காலை எட்டரைக்கு நான்தான் ஏறிப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். முழங்கால் வலிக்கிறது. அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறேன்.

பாளையங்கோட்டையில் பிறந்த நீ, பனியை அளக்கிற வேலைக்காக ஐந்து தடவை தென்துருவப் பக்கம் போனாய். ஊறுகாய் அங்கே கல்லாக உறைந்து, சுத்தியலால் உடைத்துத் தின்றதை நீ சொன்னால் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஐந்தாவது பயணம் முடிந்து வந்தபோது மட்டும் நீ சிரிக்கவில்லை. முதல் தடவை கூடாரம் போட்ட பனித்திட்டைக் காணோம், அந்த இடத்தில் கடல் கிடக்கிறது என்றாய்.

"அங்கன உருகினா இங்கன மழை மாறும்ட்டி. பைய மாறும். எழுதி வச்சாத்தான் தெரியும்" என்றாய். அந்த வாரமே மழைமானி வந்தது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், பார்க்காத நாளை வெறுமையாக விட வேண்டும் என்பது உன் சட்டம். பனியின் கனத்தைக் குத்துமதிப்பாக எழுதினால், அதை நம்பிப் பின்னால் வருகிறவன் செத்துப்போவான் என்பாய்.

அண்ணே, நான் அதை மீறிவிட்டேன். தாமிரபரணி கரை தாண்டிய அந்த வாரம், மழைக்குப் பயந்து ஒரு நாள் மாடி ஏறவில்லை. மறுநாள் பார்த்தால் மழைமானி நிரம்பி வழிகிறது, எந்த நாள் எவ்வளவு பெய்தது என்று தெரியவில்லை. உன் நோட்டில் ஒரு நாள்கூட விடுபட்டதில்லை என்று நினைத்திருந்தேன். என்னால் அது அறுந்துபோகலாமா? இரண்டு நாளுக்கும் மனதில் தோன்றிய எண்ணை எழுதி வைத்தேன்.

போன மாதம் மேலப்பாளையத்திலிருந்து பாத்திமா வந்தாள். கல்லூரியில் புவியியல் நடத்துகிறவள். இந்தப் பக்கத்து மழை எப்படி மாறுகிறது என்று பார்க்க உன் நோட்டுகள் அத்தனையும் வேண்டும் என்றாள். என் பொய்யால் உன் உழைப்பு முழுவதும் வீணாகிவிடுமே! டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு, "அந்த வெள்ளத்துல ரெண்டு நாள் நான் அளக்கலம்மா, சும்மா எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அடிச்சிட்டு, பக்கத்துலயே காரணத்த எழுதுங்கக்கா. நீங்களே சொல்லிட்டீங்கள்லா, அது போதும்" என்றாள். பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று சிரித்தாள். "இங்கன பாருங்க, அண்ணாச்சியும் ஒரு நாள் விட்டிருக்காங்க!"

உன் குண்டுக் கையெழுத்து. 'அளக்கவில்லை. எஸ்தருடன் சண்டை. கோபத்தில் மாடி ஏறவில்லை. தவறு என்னுடையது.'

எந்தச் சண்டை என்று நினைவிருக்கிறதா? ஆறாவது தடவையும் போவேன் என்று நீ குதித்தபோது, "போயி அந்தப் பனியையே கட்டிக்கிட்டு அழு" என்று கத்தினேனே, அதுதான். நீ போகவில்லை. என்னை மன்னித்தாயா என்று கேட்க ஆளில்லாமல் இத்தனை நாள் தவித்தேன். பதில் இந்த நோட்டிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன் அண்ணே.

இப்போது பத்தமடையில் ஒரு வீட்டில், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற ஓர் அக்கா வீட்டு மாடியில், பாத்திமா வீட்டில் என்று மழைமானி வைத்திருக்கிறோம். எட்டரை ஆனால் போன் மேல் போன். அப்பளக்கார அக்கா, "நாளைக்கு மழை வருமா?" என்று என்னைக் கேட்கிறாள். "நேத்துப் பெஞ்சதுதான் எனக்குத் தெரியும், நாளைக்குள்ளத ஆண்டவர்ட்ட கேளுங்க" என்கிறேன்.

உன் பனியை எங்களால் காப்பாற்ற முடியுமா? தெரியவில்லை. ஆனால் நீ தனியாளாகப் பார்த்ததை இன்று நாலு வீட்டில் பார்க்கிறோம். எனக்கு அது பெரிய தெம்பு.

முடிகிறவரை மாடி ஏறுவேன். முடியாத நாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதுவேன், உன்னைப் போலவே ஏன் என்றும் எழுதுவேன்.

சண்டைக்காரத் தங்கச்சி,
எஸ்தர்