உப்புக்குப் பயந்தவள்

இன்று காலை, கடல் தாண்டி நான் குடியேறிய இந்த லாசாலில், என் சோப்புப் பட்டறைக் கதவைத் திறந்ததும் கொதிக்கும் கொழுப்பும் சோப்புக் காரமும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. ஒரு நொடி நாம் வேலை பார்த்த ஆங்கிலேய ஊர் விட்னெஸுக்கே போய்விட்டேன். மெர்சி ஆற்றங்கரை, எதிர்க்கரையில் ரன்கார்னின் புகைக்கூண்டுகள், சோப்புத் தொழிற்சாலை வாசலில் நீ.

நமக்கு அங்கே ஒரே நாளில் வேலை கிடைத்தது. நான் சென்னைக்காரி, நீ யாழ்ப்பாணத்துக்காரி. நான் சோப்பு என்றால் நீ சவுக்காரம் என்று திருத்துவாய். முதல் வாரமே கொப்பரையில் உப்புப் போடச் சொன்னார்கள். உப்பு விழுந்தால்தான் சோப்பு தண்ணீரை விட்டுப் பிரிந்து மேலே வரும். நான் என்ன செய்தேன்? சாம்பாருக்குப் போடுவதுபோல் கிள்ளிக் கிள்ளித் தூவினேன். அரை நாள் கொதித்தும் பசையாகவே கிடந்தது. நீ ஓடிவந்து வாளியைப் பறித்தாய்.

"என்னடி செய்யிறாய்? இது குழம்பில்லை, ஆரும் சாப்பிடப் போறேல்லை. கொட்டு!"

கொட்டினோம். வெள்ளைத் திரள் மேலே வந்தபோது நீ போட்ட கூச்சலில் மேற்பார்வையாளர் பதறி ஓடிவந்தார்.

நீ போய் ஒரு குளிர்காலம் ஆகிறது. கடைசியாக உன் முகம் பார்க்க வர முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் இருக்கிறது.

இங்கே இரண்டு கொப்பரை ஏற்கெனவே கெட்டுவிட்டன. மூன்றாவதும் கெட்டால் பட்டறையை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். இன்றும் அதே பசை. "மதாம், இதுவும் தேறாது" என்று என்னோடு வேலை செய்யும் லூசி பிரெஞ்சில் முனகினாள். என் கையைப் பார்த்தேன். அளவுக்கரண்டி! சொந்தக் கொப்பரை என்றதும் பழைய பயம் திரும்பியிருக்கிறது, வெட்கக்கேடு.

கரண்டியை வீசிவிட்டு வாளி வாளியாக அள்ளினேன். "கொட்டு!" என்று தமிழிலேயே கத்தினேன். லூசிக்கு என்ன புரிந்ததோ, அவளும் ஒரு வாளியை எடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பால் திரிவதுபோல் திரிந்து, சோப்பு மேலே வந்தது. கொப்பரை நிறைய, வெள்ளை வெளேரென்று. ஜெயித்துவிட்டோமடி!

கட்டிகளில் என்ன பெயர் பதிப்பது என்று லூசி கேட்டாள். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், நீ திட்டுவாய். "விட்னெஸ்" என்றேன்.

"அது யார்?"

"என் ஊர்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

இத்தனை வருடம் அடங்கிக் கிடந்த என் வாயில் இப்போது உன் குரல் குடியேறிவிட்டது. அதைக் காலி செய்யச் சொல்வதாக இல்லை.