குருவிகள் குளித்த தீர்த்தத் தொட்டி

பேர் சொல்லாமல் 'ஏனுங்க' என்றே நான் காலமெல்லாம் கூப்பிட்ட என் வீட்டுக்காரருக்கு,

ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. அன்றைக்கு எல்லோரும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, வாய்க்குள் பேசிவிட்டு வருவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளாயிற்றே, எழுதியே சொல்லிவிடுகிறேன். யுத்த காலம், மண்ணெண்ணெய் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் பகல் வெளிச்சத்திலேயே எழுதுகிறேன்.

நம் மகள் வயிற்றுப் பேத்தி பிலோமினா கன்னியர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிறாள். அவள் வாசித்தால் தெருவே நின்று கேட்கும். போன மாதம் ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் விரித்தாள். அதில் நம் தொட்டி இருந்தது. நீங்கள் ஏலத்தில் எடுத்து வண்டியில் ஏற்றிவந்து கோயில் வாசலில் நிறுத்தினீர்களே, அதே கல் கால், அதே அகலமான தட்டு.

"இதுக்கு பேர்ட் பாத்துன்னு பேருங்க அம்மாயி" என்றாள்.

"அப்படின்னா?"

"பேர்டுன்னா பறவை, பாத்துன்னா குளிக்கறது. வெள்ளைக்காரங்க தோட்டத்துல இதுல தண்ணி ஊத்தி வெப்பாங்க. குருவிங்க வந்து குடிச்சுக் குளிச்சுட்டுப் போகும்."

"குருவி குளிக்கறதுக்குக் கல்லுல தொட்டியா? அதுக்கு ஒரு பேரு வேறயா?"

"ஆமாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது அவர் பங்களா சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. இந்தத் தொட்டியின் விளிம்பில் செதுக்கியிருந்த கொடியை நம் கோயில் பீடத்தில் இருக்கிற மாதிரித் திராட்சைக் கொடி என்று எண்ணிக்கொண்டு, "இது தீர்த்தத் தொட்டியேதான் புள்ள. துரையும் நம்மளாட்ட வேதக்காரரு, ஊட்டுலயே வெச்சிருக்காரு" என்றீர்கள். அதுவரை நம் கோயில் வாசலில் ஒரு மண்சட்டியில்தான் தீர்த்தம் இருந்தது. தொட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை வெளுத்த துண்டு போட்டுப் போய் முதல் ஆளாக விரலை நனைத்துச் சிலுவை போட்டீர்கள். வண்டிக்காரர் கொடுத்தது என்று யாராவது சொன்னால் உங்கள் முதுகு நிமிரும். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

பிலோமினா யாரிடம் சொன்னாளோ, விஷயம் கோயில் உபதேசியார் காதுக்குப் போய்விட்டது. பூசை முடிந்ததும் வாசலில் என்னை மறித்தார்.

"ஏனுங்க அந்தோணியம்மா, உங்க ஊட்டுக்காரரு எங்களையெல்லாம் குருவியாக்கிட்டுப் போயிட்டாருங்களே."

"குருவிக்கு இருக்கற பக்தி உங்களுக்கு இருந்தாத் தேவலைங்க" என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. கல்லை வெளியே தள்ளி உடைக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். இந்தக் கோயிலுக்கு நீங்கள் கொடுத்தது அது ஒன்றுதான். அதை உடைத்தால் உங்களையே வாசலில் வைத்து அவமானப்படுத்தின மாதிரி இல்லையா?

மறுநாள் விடிந்ததும் சாமியாரிடம் சண்டை போடத்தான் போனேன். கோயிலில் யாரும் இல்லை. தொட்டியில் இரண்டு குருவிகள் இறக்கையை அடித்துத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. நீங்கள் இருந்தவரை, "தீர்த்தத்துல முங்கறதப் பாரு" என்று வைதுகொண்டு துண்டைச் சுழற்றி விரட்டுவீர்களே, அந்தக் கூட்டம்தான். நானும் முந்தானையை எடுத்தேன். வீச மனம் வரவில்லை. நமக்கெல்லாம் தெரியாமல் போனது அதுகளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறதே!

சாமியார் வந்தார்.

"தொட்டிய எடுத்துருங்க சாமி. ஆனா உடைக்கப்படாது. தோட்டத்துக் கல்லு, தோட்டத்துக்கே போகட்டும்."

"எந்தத் தோட்டம்மா?"

"கல்லறைத் தோட்டங்க. எங்க ஊட்டுக்காரரு தலைமாட்டுக்கு."

சாமியார் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "மந்திரிச்ச தண்ணி நின்ன கல்லு. அங்க இருக்கறதுதான் சரிங்கம்மா" என்றார். உபதேசியாரும் ஒரு பக்கம் பிடித்துத்தான் தூக்கினார். அவருக்கு மூச்சு வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

இப்போது காலையில் குருவிகள் குளிக்கிற சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா? இந்த ஐப்பசி மழைக்குத் தொட்டி தானாக நிறைந்துவிடுகிறது. மழை நின்றதும் நான் குடத்தோடு வருவேன். எனக்கு நடமாட்டம் இருக்கிறவரை அது காயாது. அதற்கப்புறம் பிலோமினா ஊற்றுவாள், சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் மட்டும் துண்டைத் தேடாதீர்கள். அதுகள் குளித்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் பக்கத்து இடத்துக்கு உரியவள்,
பிலோமினாவின் அம்மாயி,
அந்தோணியம்மாள்