சங்கிலிப் பக்கத்து மரை

அக்டோபர் 3, வியாழன்
காலையில் தூறல். கேண்டீனில் மறுபடியும் உப்பில்லாத உப்புமா.

மாலை தேவசகாயம் வந்தான். ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க், க்வார்ட்டர்ஸில் அடுத்த வரிசை, கோயிலில் என்னோடு பாடகர் குழு. மூத்த மகள் கல்யாணமாகிப் பம்பாய் போனபின் அவளுடைய லேடீஸ் சைக்கிள் சும்மா கிடக்கிறதாம். இளையவள் மேரி அதில் காலேஜ் போகலாமே என்று யோசனை.

"கடையில குடுக்கட்டா அண்ணாச்சி?"

"ஃபிட்டர் நான் இருக்கும்போது கடை எதுக்குலே?"

அக்டோபர் 5, சனி
ஓவர்ஹால். சக்கரம் சரி. பிரேக் கட்டை மாற்றம். பிறகு பெடல் அச்சு.

அச்சு ஓடும் குழாயின் இரு முனையிலும் திருகு மரை வெட்டி, முனைக்கு ஒரு கப் திருகியிருக்கும். சங்கிலிப் பக்கத்துக் கப் மட்டும் தலைகீழ் மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பதினெட்டு வருஷ ஃபிட்டருக்கு இது தெரியாதா? இன்று இடப்பக்கம் திருப்பினேன். அசையவில்லை. துரு என்று நினைத்து ஸ்பானரில் பைப் மாட்டி ஏறி நின்றேன். ஒரு முறிப்பு. கப்போடு குழாயின் மரையும் சுருள் சுருளாக உதிர்ந்தது.

வீட்டுக்காரி ஸ்டெல்லாவோடு சண்டை போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அவள்மேல் பழி போட்டு என்ன செய்ய. வேலை என்னுடையது.

அக்டோபர் 7, திங்கள்
ஷிஃப்ட் முடிந்து, ஃப்ரேமைச் சாக்கில் சுற்றி யூசுஃப் பாய் சைக்கிள் கடைக்கு. எவனோ கெடுத்தது என்றேன். குழாய்க்குள் கட்டைவிரலை விட்டுத் தடவினார்.

"கௌன் பாவலா கரா ஜீ? உல்டா சூடி நை மாலூம் தோ ஹாத் கைக்கு லகானா?"

தலைகீழ் மரை தெரியாத பைத்தியக்காரன் ஏன் கை வைத்தான் என்கிறார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பித்தளை உருக்கி அடைத்து, கடைந்து, புது மரை வெட்ட வேண்டும். நாலு நாள். "ஐசாச் நக்கோ சலாவ் சாப். கிர்தே." அப்படியே ஓட்டாதே, விழுவாய்.

நாலு நாள் என்றால் தேவா ஏன் என்று கேட்பான். அவனுக்குத் தெரிந்தால் ஃபேக்டரிக்கே தெரியும். ஃப்ரேமைத் திரும்பத் தூக்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்
இங்கே மட்டும் எழுதுகிறேன். கப்பைச் சுற்றி மெல்லிய பித்தளைத் தகடு. சுத்தியலால் அடித்து இறக்கினேன். விளிம்பில் பஞ்ச் வைத்து நாலு குத்து. மேலே கறுப்பு பெயிண்ட். கையால் சுற்றினால் நன்றாக ஓடுகிறது. ஆள் ஏறி மிதித்தால் எத்தனை நாள் தாங்கும்? பிடி விட்டால் அச்சு சாயும், கால் நழுவும், சங்கிலி கழலும். பின்னால் லாரி வந்தால்?

ஸ்டெல்லா: "என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 9, புதன்
கொடுத்தாயிற்று. தேவா ஒரு சுற்று ஓட்டினான். இறங்கினான். குனிந்து அச்சைப் பார்த்தான். "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி." என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி
பஸ் ஸ்டாப்பில் மேரி. சைக்கிள் எங்கே என்றேன். "டாடி நக்கோ போலே அங்கிள். பஸ்லயே கோ அப்படின்னாங்க." தேவா சைக்கிள் வேண்டாம் என்றுவிட்டானாம். அப்பாடா. இரண்டு நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

வாங்க: மண்ணெண்ணெய், ஷூ லேஸ், அறுப்பின் பண்டிகை காணிக்கைக்குப் பூசணி.

அக்டோபர் 13, ஞாயிறு
பண்டிகை ஆராதனை. வெயில். முடிந்ததும் கோயில் வளாகத்தில் காணிக்கைப் பொருள் ஏலம். கோழி, கேக், வாழைத்தார், என் பூசணி. அதற்குப் பின்னால் அந்த சைக்கிள், கைப்பிடியில் சாமந்தி மாலை. தேவாவின் காணிக்கை.

கோயில் உபதேசியார்தான் ஏலம் கூறினார். "சாதா சைக்கிள் இல்ல! நம்ம ஆபிரகாம் அண்ணாச்சி கையால ஓவர்ஹால் பண்ணது. அப்படித்தான அண்ணாச்சி?"

சபையே திரும்பிப் பார்த்தது. தலையாட்டினேன். சிரிக்கவும் செய்தேன்.

ஏலத்தில் எடுத்தது ரூத். அப்பா இல்லாத பெண், ரயில்வே காலனிப் பக்கம் வீடு. சைனிக்புரியில் டீச்சர் வேலை, சேர்ந்து ஒரு வாரம். இரண்டு பஸ் மாறிப் போகிறாள். "நீங்க பாத்த சைக்கிள்னுதான் விடாம கேட்டேன் மாமா."

தேவாவை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"உனக்குத் தெரியுமாலே?"

"மிதிச்சப்பவே தெரிஞ்சிது."

"பிறகு ஏன் கேக்கல?"

"நீங்க மூத்தவுக. எப்படிக் கேக்க? பிள்ளைக்குக் குடுக்கப் பயமா இருந்துது. தெரிஞ்சே ஒருத்தருக்கு விக்கவும் மனசு வரல. ஆண்டவருக்குக் குடுத்திட்டேன்." பிறகு மெல்ல, "ஏலத்துல நீங்க சொல்லிருவியன்னு நெனச்சேன்."

அவனை அறையலாம் போல இருந்தது. எனக்கு என்ன யோக்கியதை.

ரூத் சாமந்தி மாலையோடு ஓட்டிப் போனாள். அச்சு டக், டக் என்பது கேட் வரை கேட்டது. விடிந்ததும் போய்ச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்
கா. 7.15. ரூத் வீடு. ஏழுக்கே கிளம்பிவிட்டாள். அவள் அம்மாவிடம், சங்கிலிக்கு எண்ணெய் விட வந்தேன், சாயங்காலம் வருகிறேன் என்றேன். துரத்திப் போயிருக்கலாம். எட்டு மணிக்கு ஃபேக்டரி கேட் மூடிவிடும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சைனிக்புரி வழியில் அந்த இறக்கம். மிலிட்டரி லாரிகள்.

பகலில் ஒரு வேலையும் ஓடவில்லை. பெர்மிஷன் போட்டு வெளியே வந்தேன்.

மா. 4.30. மறுபடி ரூத் வீடு. டைரி சட்டைப் பையில் இருந்தது, இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் வரும் நேரம்தானாம். அவள் அம்மா டீ தந்தார்கள். "எண்ணெ விடவா இவ்வளவு தூரம் ரெண்டு தடவ வந்திய? நல்ல மனசு."

5.00. மழை பிடித்துக்கொண்டது. வரவில்லை.

5.20. சொல்லிவிட்டேன். மரை, தகடு, பெயிண்ட், நேற்றுத் தலையாட்டியது, எல்லாம். அந்த அம்மாவுக்கு மரை என்னவென்று புரியவில்லை. "அது களண்டா என்ன ஆவும் அண்ணாச்சி?" விழுவாள் என்றேன். திட்டவில்லை. பாதி டீயோடு என் டம்ளரை வாங்கி உள்ளே வைத்தார்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல், சைனிக்புரி ரோட்டைப் பார்த்து நடக்கிறார்கள்.

வீடு திறந்து கிடக்கிறது. என் சைக்கிளை எடுக்கிறேன்.