மட்டக்குளி பஸ்ஸில் இருமல்

பெப்ரவரி 17, திங்கள்

பஸ்காரருக்குக் காசநோய் பற்றி நான் பேச வேண்டுமாம். கிளினிக்கில் தாரிகா மிஸ் சொல்லிவிட்டார். நாள் முழுக்கச் சனத்தோடு ஒரு பெட்டிக்குள் நிற்கிறவர்கள். அவர்களுக்கும் தொற்றும், அவர்கள் சொன்னால் சனமும் கேட்கும் என்கிறார். சரிதான். ஆனால் நான் ஆய்வுகூடத்து ஆள். சளியை மெஷினில் வைத்துக் கிருமி இருக்கா இல்லையா என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது.

இன்று வேலைக்கு வெளியே என்னோடு கதைத்த ஒரே ஆள் காலை பஸ் கண்டக்டர் ஒஸ்வால்ட் அண்ணை. "உள்ளுக்குப் போங்க டொக்டர், உள்ளுக்கு ஃபுட்போல் விளையாடலாம்." நான் டொக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? "கோட்டு வெள்ளைதானே?" என்கிறார். வெள்ளவத்தை அறைக்கு வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் டீவி.

பெப்ரவரி 21, வெள்ளி

மட்டக்குளி தரிப்பிடத்தில் பேச்சு. "ஒரு ஆள் இருமினா பஸ் முழுக்கத் தொத்தும்" என்றேன். ஒரு சாரதி, "டொக்டர், எங்கட டீசல் புகையில அந்தக் கிருமி சாகாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மடத்தனமான கேள்வி என்றேன். சிரிப்பு நின்றது. மருந்து, குணமாவது பற்றிக் கடைசியில் ஒரு சிலைட் இருந்தது. தேநீர் ஆறுகிறது என்றார்கள். எனக்கும் அலுத்துவிட்டது. விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

ஒரு அம்மா கிளினிக்கில் வந்து கத்தினார். பஸ்ஸில் இருமினாராம், மருதானையில் இறக்கிவிட்டார்களாம். "டொக்டர் சொல்லியிருக்கு, இருமுற ஆக்கள் இறங்கணும்" என்றானாம் கண்டக்டர். அவருக்கு இருப்பது ஆஸ்துமா.

தாரிகா மிஸ் என்னைப் பார்த்தார். நான் அப்படியா சொன்னேன்? இல்லை. ஆனால் வேறு என்னத்தைச் சொன்னேன்?

மார்ச் 3, திங்கள்

ஒஸ்வால்ட் அண்ணை இப்போது கூவுவதில்லை. "பம்பலப்பிட்டி, டவுன்ஹோல், மருதானை, கொட்டாஞ்சேனை" என்று ஒரே மூச்சில் கூவுகிற ஆள், தகரத்தில் தட்டுகிறார். வாயில் எந்நேரமும் இஞ்சி டொபி. மிதிபலகையில் தொங்கி, பின்னால் வாகனம் பார்க்கிற மாதிரித் தலையை வெளியே நீட்டி ரோட்டுக்கு இருமுகிறார். சேட் கொலர் மெலிந்த கழுத்தைச் சுற்றி அகன்று கிடக்கிறது.

கேட்டேன். "அண்ணை, எத்தின கிழமையா இருமுறியள்? சளி குடுத்துப் பாத்தனீங்களோ?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. முன்னால் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். ஒருவர் எழும்பிப் பின்னுக்குப் போனார்.

அண்ணை மணியை அடித்தார். "இறங்குங்க."

"அண்ணை, நான்—"

"உங்கட சட்டம்தானே டொக்டர்? இருமலும் இறங்கணும், இருமல் கதையும் இறங்கணும்."

பம்பலப்பிட்டி வெயிலில் நின்றேன். கேட்டது பிழையா? கேட்டது சரி. கேட்ட இடம்... சே, என்ன ஆள் நான்.

மார்ச் 4, செவ்வாய்

வேறு கண்டக்டர்.

மார்ச் 6, வியாழன்

பஸ் முதலாளி ஒஸ்வால்ட் அண்ணையை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாராம். இந்தப் பஸ்ஸில் தினமும் வருகிறவர்களுக்கு இப்போது என்னைத் தெரியும். சனம் நெருக்கி நின்றாலும் என் பக்கத்து சீற் வெறுமை. கழுத்தில் இருந்த கிளினிக் அட்டையைக் கழற்றினேன். அப்போதும் ஒருவரும் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. பிறகு பையைத் தூக்கி அந்த சீற்றில் வைத்தேன், நானே பிடித்து வைத்த மாதிரி.

மார்ச் 8, சனி

புதுக் கண்டக்டரிடம் விலாசம் கேட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி மெற்றில்டா; பின்னால் மகள் எட்டிப் பார்த்தாள். "நீங்கதானா அந்த டொக்டர்?"

"டொக்டர் இல்ல, லாப் ஆள்."

"டொக்டர் இல்லாமலே இந்த வேலையா?"

உள்ளேயிருந்து அண்ணையின் குரல்: "இருக்கு எண்டு வந்தாலும் வேலை போச்சு, இல்ல எண்டு வந்தாலும் வேலை போச்சு. பிறகு என்னத்துக்குச் சோதனை?"

"மகள் எங்க படுக்கிறவ?" என்று கேட்டேன்.

"இருக்கிறதே ஒரு அறை" என்றார் மெற்றில்டா.

அன்றைக்கு விட்ட சிலைட்டை வாசற்படியில் நின்று சொன்னேன். மருந்து இலவசம். ஒழுங்காக எடுத்தால் கொஞ்சக் காலத்தில் மற்றவருக்குத் தொற்றாது. முழுதாகக் குணமாகும். திரும்ப பஸ்ஸில் ஏறலாம். முதலாளியோடு நான் கதைக்கிறேன்.

"முதலாளியோட? இந்த வாயாலயா?" என்றார் அண்ணை. சிரித்தார்; இருமல் பிடித்துக்கொண்டது.

சளிப் போத்தலை மெற்றில்டாவிடம் கொடுத்து, காலையில் வெளியே காற்றில் நின்று எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

மெற்றில்டா கொண்டுவந்து தந்துவிட்டு நிற்காமல் போனார். மெஷின் கிருமி இருக்கு என்றது. மற்ற நாளில் அடுத்த போத்தலை எடுப்பேன். இன்று கதிரையில் இருந்துவிட்டேன். அண்ணைக்கு மருந்து தொடங்க வேண்டும்; தாயையும் மகளையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

காசநோய் தினம். அதே தரிப்பிடம். இந்த முறை கடைசி சிலைட்டை முதலில் போட்டேன். டீசல் சாரதியிடம், புகையில் சாகாது, வெயில் பட்டால் சாகும், காற்று வந்தால் கலைந்து போகும், அதனால் யன்னலைத் திறவுங்கள் என்றேன். "அப்ப மழைக்கு?" என்றார். "மழைக்குக் கொஞ்சம் திறவுங்கோ." சிரித்தார்கள்.

பிறகு முதலாளியைப் பிடித்தேன். "தம்பி, அவன் நின்றால் சனம் ஏறுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான் ஏறுவேன். அவருக்குக் கிட்டவே நிற்பேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரிய டொக்டர் சரி என்றால் யோசிப்பாராம்.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருசம். வெள்ளவத்தையில் கடைகள் பூட்டு. பாணும் சம்பலும். டீவிகூட இல்லை, வீட்டுக்காரரும் ஊருக்குப் போய்விட்டார்.

மே 5, திங்கள்

பஸ் கண்ணில் படுமுன் குரல் கேட்டது. பம்பலப்பிட்டியில் தொடங்கி மட்டக்குளி வரை, இடையில் அறாமல். பெரிய டொக்டர் போன கிழமைதான் சரி என்று எழுதிக் கொடுத்தார்.

ஏறினேன். பக்கத்து சீற்றில் வழக்கம்போல் பையை வைத்தேன். காசை வாங்கினார், மிச்சம் தந்தார். டொக்டர் இல்லை, ஃபுட்போல் இல்லை. சரி. அவருடைய விருப்பம்.

டவுன்ஹோல் தாண்டியதும் பின்னால் ஒருவர் இருமத் தொடங்கினார். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். ஒருவன், "இறங்கச் சொல்லுங்க" என்றான்.

"ஒருத்தரும் இறங்கத் தேவையில்ல. யன்னலத் திறங்க, எல்லாத்தையும் திறங்க" என்றார் ஒஸ்வால்ட் அண்ணை. பிறகு அந்த மனிதரின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். நாடியால் என் பக்கம் காட்டினார்.

அவர் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு வந்தார். "தம்பி, இதில ஆள் இருக்கா?"

"இல்லை, இருங்கோ."

பையை எடுத்து மடியில் வைத்தேன்.